கொள்ளிடக் கரையில் வில்லும் கதையும்

 

நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகளின் மேசையில், பாடநூல்களுக்கு நடுவே தடித்த நாவல் ஒன்று கிடப்பதைப் பெற்றோர்களாகிய நீங்கள் கண்டிருக்கக்கூடும். கற்பனை நாடுகள், அரியணைச் சூழ்ச்சிகள், பறக்கும் நாகங்கள், பக்கத்துக்குப் பக்கம் இரத்தம். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1996இல் தொடங்கிய நாவல் வரிசை இவ்வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது. இத்தகைய நூல்களைப் படித்து முடித்த பிள்ளை அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "வாப்பா, நான் வில்வித்தை கற்றுக்கொள்ளட்டுமா?"

வில்வித்தைக்கு நம் மார்க்கத்தில் உள்ள சிறப்பை ஆலிம் பெருமக்கள் மிம்பரில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார்கள். அன்ஃபால் அத்தியாயத்தில் ஆயத்தம் செய்துகொள்ளுமாறு கூறப்படும் வலிமை என்பது அம்பெய்தலே என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மும்முறை விளக்கியதை உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆகவே, பிள்ளை வில்லைத் தொடலாமா என்பது இங்கே நம் கேள்வியன்று. கதையில் கண்ட வில்லும் கையில் எடுக்கும் வில்லும் ஒன்றுதானா என்பதே கேள்வி. அதற்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திருச்சியிலும் திருவரங்கத்திலும் வாழ்கின்ற நமக்குக் காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்தாலே போதும். ஆயினும், அங்கே செல்லுமுன் மக்காவுக்கு ஒருமுறை சென்று வருவோம்.

வேட்டை முடிந்து தோளில் வில்லுடன் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள் நபிகளாரின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்கள். தம் அண்ணன் மகனை அபூஜஹ்ல் இழிவாகப் பேசிய செய்தியை ஓர் அடிமைப் பெண் வழியில் சொன்னாள். நேரே கஅபாவின் அருகே சென்று, கூட்டத்தின் நடுவே அமர்ந்திருந்த அபூஜஹ்லின் தலையில் அதே வில்லால் அடித்தார்கள். தாமும் அந்த மார்க்கத்தில்தான் இருப்பதாக அறிவித்தார்கள். அந்த வில்லிலிருந்து அன்று அம்பு எதுவும் பாயவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த ஒரு நிகழ்ச்சியின் வீரத்தைப் பற்றிக்கொண்டு பாரசீகத்துக் கதைசொல்லிகள் வளர்த்ததுதான் 'அமீர் ஹம்ஸா' என்னும் மாபெரும் கற்பனைக் கதை. காஃப் மலையின் தேவர்கள், பரிகள், உலகமே உள்ளே அடங்கிவிடும் பையைச் சுமந்து திரியும் தந்திரக்காரர் அம்ர், மாயக் கோட்டைகள் என்று அது வளர்ந்துகொண்டே போயிற்று. பேரரசர் அக்பர் அக்கதைக்கு ஏறத்தாழ 1400 ஓவியங்கள் தீட்டச் செய்தார். அப்பணிக்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கதையை உருதுவில் வெளியிடத் தொடங்கி, 46 தொகுதிகள் வரை கொண்டு சென்றது. கீழ்த்திசையில் மலாய் நாட்டுக்கும் ஜாவாவுக்கும் கூட அது கப்பலேறியது. தமிழில் நம் புலவர்கள் பாடிய 'படைப்போர்' நூல்களும் போர்க்களக் கதை கேட்கும் அதே ஆவலுக்கு விருந்து வைத்தவையே. ஆகவே, இன்றைய பிள்ளை தடித்த நாவலில் மூழ்கியிருப்பதைக் கண்டு இது ஏதோ புதிய கேடு என்று எண்ண வேண்டாம். பாட்டனார் விளக்கொளியில் செய்ததைப் பேரன் மின்விளக்கில் செய்கிறான்.

ஒரு வகையில் பார்த்தால், இக்கால நாவல்கள் பழைய தாஸ்தான்களைவிட நேர்மையானவை என்பது என் கருத்து. தாஸ்தானில் ஆயிரம் பேர் விழுவார்கள், ஒருவருக்கும் வலிக்காது. இந்த நாவல்களிலோ நல்லவனும் சாகிறான், காயம் புரையோடுகிறது, போரில் வென்றவன் உறக்கம் இழக்கிறான். இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. படிப்பவன் எதற்கும் பொறுப்பாளி அல்லன். பக்கத்தைப் புரட்டினால் போதும்.

உண்மையான ஹம்ஸா (ரலி) அவர்களின் வாழ்வு ஹிஜ்ரி 3இல் உஹதுக் களத்தில் முடிந்தது. கற்பனைக் கதையும் எத்தனையோ மாயக் கோட்டைகளைச் சுற்றிவிட்டு இறுதியில் அங்கேதான் வந்து சேர்கிறது. அந்தக் களத்தில் வில்லாளிகள் என்ன செய்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் ஐம்பது பேர் குன்றின் மீது நிறுத்தப்பட்டார்கள். வென்றாலும் தோற்றாலும் இடத்தை விட்டு அகலக்கூடாது என்பது கட்டளை. வெற்றி கண்ணுக்குத் தெரிந்ததும் பெரும்பாலோர் கீழே இறங்கிவிட்டார்கள். எஞ்சிய சிலர் தம் தலைவருடன் அங்கேயே ஷஹீதானார்கள். எய்யத் தெரியாததால் வந்த தோல்வி அன்று அது. நிற்கத் தெரியாததால் வந்தது.

வில்லைக் கற்பிக்கும் ஆசான்கள் முதலில் பழக்குவதும் இந்த நிற்றலைத்தான். கி.பி. 1368ஆம் ஆண்டளவில் மம்லூக்கியர் ஆட்சியில் தைபுகா என்னும் வில்லாசான் மாணவர்களுக்காக அரபியில் ஒரு பாடலும் அதற்கு விரிவுரையும் இயற்றினார். 'குன்யத்துத் துல்லாப்' என்னும் அந்நூலின் பெயரே அது மாணவர்களின் தேவைக்கானது என்பதைச் சொல்லிவிடும். நிற்கும் நிலை, வில்லைப் பற்றும் இடக்கை, நாணைப் பூட்டும் வலக்கைக் கட்டைவிரல், இழுப்பு, விடுப்பு என்று ஒவ்வொன்றும் அதில் தனித்தனிப் பாடம். கட்டைவிரலால் நாணைப் பூட்டி, சுட்டுவிரலை அதன்மேல் படியவைக்கும் பிடிக்கு 'அறுபத்து மூன்று' என்று பெயர். அக்கால வணிகர்கள் விரல்களை மடக்கிக் கணக்கிடுவார்கள். அம்முறையில் 63 என்னும் எண்ணைக் காட்டும்போது கை எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டும் என்பது பொருள். கடைத்தெருக் கணக்கைக் கொண்டு போர்க்கலையைக் கற்பித்த அந்த எளிமையை என்னவென்பது!

உஸ்மானியத் துருக்கியரிடம் புதிய மாணவன் கையில் முதலில் கிடைப்பது 'கெபாஸே' என்னும் மிக மெல்லிய பயிற்சி வில். அம்பில்லாமலேயே அதை நாள்தோறும் இழுத்துப் பழக வேண்டும். அதன் பிறகே அம்பு; அதுவும் நெஞ்சு உயரத்தில், கைக்கெட்டும் தொலைவில் தொங்கும் மூட்டையின் மீது. இறுதியில் இஸ்தன்பூலின் ஓக்மைதான் திடலில் 900 கஸ், அதாவது ஏறத்தாழ 594 மீட்டர் தூரத்துக்கு அம்பைச் செலுத்திக் காட்டினால்தான் ஆசான் அனுமதி வழங்குவார். மூட்டைக்கும் அந்தத் தூரத்துக்கும் இடையே மாதங்களல்ல, பல வேளைகளில் ஆண்டுகளே கழியும்.

இன்றும் நிலை அதுவே. நாவலில் வரும் வீரன் ஆளுயர வில்லை வளைத்து முந்நூறு கஜத்தில் கண்ணைத் துளைக்கிறான். 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து எடுக்கப்பட்ட 'மேரி ரோஸ்' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த விற்களை வளைக்க 100 பவுண்டுக்கும் மேற்பட்ட இழுவிசை தேவை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பயிற்சித் திடலில் உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கப்படுவதோ 20 பவுண்டு அளவிலான வில். இலக்கு பத்து மீட்டர் தொலைவில். முதல் வாரத்தில் நாண் முன்கையில் உரசித் தோல் சிவக்கும். முதுகுத் தசையால் இழுக்க வேண்டியதைத் தோளால் இழுத்து வலி காண்பான். அம்பைப் பூட்டாமல் நாணை இழுத்து விட்டுவிட்டால் வில்லே உடையக்கூடும் என்று கண்டிக்கப்படுவான். இரண்டு விசில் ஒலித்தால் கோட்டுக்கு வரவேண்டும். ஒரு விசிலுக்கு எய்யலாம். மூன்று விசில் கேட்ட பிறகே இலக்கை நோக்கி நடக்கலாம். அம்பை உருவும்போது பின்னால் ஒருவரும் நிற்கலாகாது.

இந்த ஒழுங்கைக் கேட்கும்போது நபிமொழி ஒன்று நினைவுக்கு வருகிறதல்லவா? பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் நடப்பவர் அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எவர் மீதும் கீறல் படக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. குறைஷி இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அதன்மீது அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். தவறிய ஒவ்வோர் அம்பும் பறவைக்கு உரியவனுக்கு என்பது ஏற்பாடு. அவ்வழியே இப்னு உமர் (ரலி) அவர்கள் வருவதைக் கண்டதும் சிதறி ஓடினார்கள். உயிருள்ள எதையும் இலக்காக்குவோரை நபிகளார் சபித்திருப்பதை அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அந்த இளைஞர்களும் புதிதாகக் கற்பவர்கள்தாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனிக் கொள்ளிடத்தைக் கடப்போம்.

சமயபுரம் செல்லும் பேருந்தில் ஏறினால் கண்ணனூரை எளிதில் அடைந்துவிடலாம். இன்று அம்மன் கோயிலாலும் சுங்கச் சாவடியாலும் அறியப்படும் இப்பகுதி, 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீரசோமேசுவரனின் தலைநகராக விளங்கியது. 1311இல் மாலிக் காஃபூரின் படை தமிழகத்துக்கு வந்த வரலாற்றைக் கவிஞர் அமீர் குஸ்ரூ 'கஸாயினுல் ஃபுதூஹ்' என்னும் பாரசீக நூலில் எழுதினார். அணிநயம் பொங்கி வழியும் நடை அது. அம்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்தப் பத்தி முழுதும் அம்பும் வில்லுமாகவே உவமைகள் வரும். போரைக் கதையாக்கும் கலையில் அவர் இன்றைய நாவலாசிரியர் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆனால், அந்த அலங்காரத்தின் நடுவே பொன் போன்ற ஒரு செய்தி கிடைக்கிறது. அவர் 'கந்தூர்' என்று குறிப்பிடும் ஊரில் பாண்டியனின் படையில் பணியாற்றிய முஸ்லிம்கள் இருந்தார்கள். கலிமா சொல்லத் தெரிந்த அவர்கள் உயிர் தப்பினார்கள் என்கிறார். அந்தக் கந்தூர் நம் கண்ணனூரே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். டெல்லியிலிருந்து படை வருவதற்கு முன்பே இம்மண்ணில் முஸ்லிம்கள் வேரூன்றியிருந்தார்கள். இந்நாட்டு மன்னனின் சம்பளத்தில், இந்நாட்டுக்காக ஆயுதம் ஏந்தினார்கள். திருச்சிக் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள கல்லுப்பள்ளி ஹிஜ்ரி 116ஐச் சேர்ந்தது என்று சொல்லப்பட்டு வருவதையும், நத்ஹர் வலி அவர்களின் வருகையைப் 11ஆம் நூற்றாண்டில் வைக்கும் மரபையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். நம் முன்னோர் யார் பக்கம் நின்றார்கள் என்னும் கேள்விக்குப் படையெடுத்து வந்தவர்களின் புலவரே சாட்சி சொல்லியிருக்கிறார்.

1323இல் உலூக் கான், அதாவது பின்னாளில் முஹம்மது பின் துக்ளக் என்று அறியப்பட்டவர், அனுப்பிய படையால் திருவரங்கம் பட்ட துன்பத்தைக் 'கோயிலொழுகு' என்னும் வைணவ ஏடு விரிவாகக் கூறுகிறது. உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு கோயிலார் ஊர் ஊராக அலைந்தார்கள். 1371இல்தான், விஜயநகரத்து இளவரசன் கம்பணனின் அதிகாரி கோபணன் காலத்தில், அது திரும்பி வந்தது. நாற்பத்தெட்டு ஆண்டுகள். ஒரு தலைமுறை முழுதும் தன் ஊரின் வழிபாட்டைக் காணாமலே வளர்ந்தது. இதை நாம் மறைக்கவும் வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். நம் பிள்ளைகள் அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்கிறார்கள்; அவர்கள் இக்கதையைக் கேட்டே வளர்கிறார்கள்.

இடைப்பட்ட இந்தக் காலத்தில்தான் மதுரை சுல்தான்களின் ஆட்சி நடந்தது. அதை நேரில் கண்டு எழுதியவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. அவருக்கும் வில்லுக்கும் ஒரு சிறு தொடர்புண்டு. டெல்லி சுல்தானின் எல்லை நகரான முல்தானில் படைக்கு ஆளெடுக்கும் முறையை அவர் விவரிக்கிறார். வில்லாளியாகச் சேர வருபவனிடம் வெவ்வேறு விறைப்புள்ள விற்களில் ஒன்றைக் கொடுப்பார்களாம். எவ்வளவு கடினமான வில்லை வளைக்கிறானோ அவ்வளவு சம்பளம். குதிரை மீதிருந்து எய்பவனாக இருந்தால் தரையில் ஒரு பந்தை வைத்து, பாய்ந்தோடும் குதிரையிலிருந்து அதை அடிக்கச் சொல்வார்கள். மரம், கொம்பு, விலங்கின் நரம்பு ஆகியவற்றைப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்ட அவ்வகை விற்கள் வறண்ட நிலத்தில் சிங்கம் போன்றவை. ஈரம் மிகுந்தால் பசை இளகும். நம் ஊர் ஐப்பசி மழையை அவை விரும்பியிருக்க முடியாது!

இப்னு பதூதா தமிழகம் வந்தபோது மதுரையில் ஆண்டவர் கியாசுத்தீன் தாமகானி. இருவரும் மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள்களை மணந்தவர்கள்; ஆக, உறவினர். அவர் வருவதற்குச் சற்று முன், 1342இல், கண்ணனூரில் பெரும்போர் நடந்து முடிந்திருந்தது. எண்பது வயதைத் தொட்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் அக்கோட்டையைப் பல மாதங்கள் முற்றுகையிட்டிருந்தான். உள்ளே இருந்தவர்களிடம் பதினான்கு நாளைக்கே உணவு எஞ்சியிருந்தது. சரணடைவது பற்றித் தங்கள் சுல்தானைக் கேட்டுச் சொல்ல அவர்கள் தவணை கேட்டார்கள்; வல்லாளன் கொடுத்தான். அந்தக் கடிதம் மதுரையில் ஒரு வெள்ளிக்கிழமை மக்கள் முன் படிக்கப்பட்டது. மக்கள் அழுதார்கள். இறப்பதற்குத் துணிந்ததன் அடையாளமாகத் தலைப்பாகைகளைக் குதிரைகளின் கழுத்தில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். நண்பகல் ஓய்வு வேளை. எதிரியின் குதிரைகள் மேய்ச்சலில் இருந்தன. வருபவர்கள் திருடர்கள் என்று எண்ணினார்கள். ஒரே பாய்ச்சலில் எல்லாம் முடிந்தது. முதிய மன்னன் குதிரையேற முயன்றபோது பிடிபட்டான்.

இதுவரை நாவல்தான். எந்த இளைஞனும் மூச்சு விடாமல் படிப்பான். வரலாறு இங்கே நிற்பதில்லை. விடுதலை செய்வதாக வாக்களித்து வல்லாளனின் செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்றுக்கொண்ட பிறகு, கியாசுத்தீன் அவனைக் கொன்று தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். தவணை கொடுத்தவனுக்குக் கொடுத்த வாக்கு இவ்வாறு காற்றில் போயிற்று. அதை மதிலில் தாம் கண்டதாகவே இப்னு பதூதா கூறுகிறார்.

இன்னொரு நாள் சுல்தானின் உணவு விரிப்பில் ஒரு பக்கம் காழி, மறுபக்கம் இப்னு பதூதா. சிறைபிடிக்கப்பட்ட ஒருவர் மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொண்டுவரப்பட்டார். அவர் தலையை வெட்டுமாறு சைகை வந்தது. பிறகு மகனையும் மனைவியையும் சேர்த்துக் கொல்லுமாறு உத்தரவு வந்தது. இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறொரு நாள் மற்றொருவர் கொண்டுவரப்பட்டபோது, தொழப் போவதாகக் கூறி எழுந்துவிட்டார்; காரணம் புரிந்த சுல்தான் சிரித்தாராம். பெண்களையும் குழந்தைகளையும் கொல்லும் இந்த இழிசெயலை வேறு எந்த மன்னரிடமும் தாம் கேள்விப்பட்டதில்லை என்றும், கியாசுத்தீன் விரைவில் மாண்டது இதற்கான இறைத் தண்டனையே என்றும் அவர் எழுதி வைத்தார். தம் சொந்தச் சகலையைப் பற்றி, அவரது உப்பைத் தின்றவர் எழுதியது இது. அவர் டெல்லியில் காழியாக இருந்தவர்; போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதற்கு நபிகளார் விதித்த தடை அவருக்குத் தெரியாததன்று.

திருவரங்கம் இந்தக் காலத்தை எப்படி நினைவு வைத்தது என்பதையும் காண வேண்டும். அக்கோயிலில் துலுக்க நாச்சியார் என்னும் முஸ்லிம் இளவரசிக்கு ஓர் இடம் உண்டு. சிலை இல்லை, சித்திரம் மட்டுமே. டெல்லிக்குச் சென்றுவிட்ட திருமேனியின் மீது சுல்தானின் மகள் அன்பு கொண்டாள் என்பது கதை. அவளுக்காக இன்றும் அங்கே கோதுமை ரொட்டி படைக்கப்படுகிறது. கைலி உடுத்தும் வழக்கமும் இருக்கிறது. இக்கதையின் நம்பிக்கை நம்முடையதன்று. தவ்ஹீதில் நமக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது. ஆயினும், கொள்ளையுண்ட ஓர் ஊர், கொள்ளையிட்டவனின் மகளைப் பகைவியாக வைக்காமல் தன் வீட்டுப் பெண்ணாக வைத்துக் கதை சொன்னது என்பதை, அண்டை வீட்டாரின் உரிமையைப் போற்றும் சமுதாயமாகிய நாம் கவனியாமல் இருக்கலாமா? குஸ்ரூவின் கதையையும் இந்தக் கதையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எனக்குக் கேட்டால், கதை சொல்லும் கலையில் திருவரங்கத்துப் பாமர மக்கள் அரண்மனைக் கவிஞரை வென்றுவிட்டார்கள் என்பேன்.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ அந்தத் தடித்த நாவலைப் படித்து முடிக்கட்டும். வில்லும் பழகட்டும். ஒரு விடுமுறை நாளில் அவர்களைக் கண்ணனூருக்கு அழைத்துச் சென்று, வல்லாளன் தவணை கொடுத்ததையும் அந்த வாக்கு என்னவாயிற்று என்பதையும் அங்கே நின்று சொல்லுங்கள். திரும்பும் வழியில் கொள்ளிடப் பாலத்தில் வரும்போது, இப்னு பதூதா ஏன் எழுந்து போனார் என்று அவர்களையே கேளுங்கள்.

தமிழகத்தை விட்டுச் சென்ற பின் அப்பயணியை மேற்குக் கடற்கரையில் கடற்கொள்ளையர் வழிமறித்து உடுத்திய உடை தவிர அனைத்தையும் பறித்துக்கொண்டார்கள். அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் அக்கடலோடு போயின. பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1355இல், மொராக்கோவின் ஃபெஸ் நகரில் அமர்ந்து இப்னு ஜுஸை என்னும் எழுத்தரிடம் நினைவிலிருந்தே தம் பயணத்தைச் சொன்னார். எத்தனையோ ஊர்களின் பெயர்கள் அதில் குழம்பியிருக்கின்றன. கண்ணனூர் கூடக் 'கப்பான்' என்றே பதிவாகியிருக்கிறது. அந்த உணவு விரிப்பின் முன் நிறுத்தப்பட்ட பையனுக்கு வயது ஏழு என்பதை மட்டும் அவர் மறக்கவில்லை.